பூட்ஸ் கயிறு

அந்தக் கால்பந்து லீகில் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரரை ஆட்டக்காரர்களே தேர்ந்தெடுப்பார்கள். முதல் ஆண்டு வாக்குச்சீட்டு வந்து சேராததால், ஆளுக்கொரு பூட்ஸ் கயிற்றை உருவி, சுவரில் பிடித்தவரின் பெயருக்குக் கீழிருந்த ஆணியில் தொங்கவிட்டார்கள். அதுவே வழக்கமாகிவிட்டது. சொந்த அணிக்காரருக்குப் போடக்கூடாது என்பது மட்டும்தான் விதி.

இந்த ஆண்டு தடுப்பாட்டக்காரன் பிரிட்டோ தன் கயிற்றோடு கிளீட்டஸின் ஆணியை நோக்கிப் போனான். கடைசி ஆட்டத்தில் கிளீட்டஸ் அவனை ஏமாற்றித் தரையில் விழவைத்துப் போட்ட கோலால்தான், பிரிட்டோ இனி வேண்டாம் என்று அவனுடைய அணி சொல்லியிருந்தது.

"லேய், ஒன்னத் தரையில உக்கார வச்சவனுக்கா போடுத?" என்று கூட ஆடுபவர்கள் சிரித்தார்கள்.

"உக்காந்ததுனாலதாம்ல பாத்தேன். லீக்லயே அவன் ஒருத்தன் கட்டுத பச்சைக் கயிறு, பூட்ஸோட என் கண்ணுகிட்டல்லா திரும்பிச்சு. நீங்க யாரும் அவ்வளவு கிட்ட பாக்கல மக்கா."

கிளீட்டஸின் ஆணியில் இடமே இல்லை. பிரிட்டோ மற்ற கயிறுகளோடு தன்னுடையதையும் சேர்த்து முடிந்துவிட்டு, தளர்ந்த பூட்ஸை இழுத்தபடி வாசலுக்கு நடந்தான். தன் பெயரைப் பார்க்காமல் கடந்துவிடத்தான் நினைத்தான். அதற்குக் கீழே ஒரே ஒரு பச்சைக் கயிறு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.