நாற்பத்து மூன்றாவது தாள்

2013 முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, விரிவுரையாளர் செந்தாமரை தன் மாணவிகளிடம் பெயர் எழுதாத தாள் வாங்கி வருகிறாள். தெரிந்தவர் கையால் இந்த ஆறு மாதத்தில் எத்தனை முறை அடி வாங்கினீர்கள் என்பது கேள்வி.

“கிளாஸ்ல நாப்பத்திரண்டு பேருதாங்க மேடம். தாளு நாப்பத்தி மூணு வருது,” என்றாள் மாணவி இசைப்பிரியா.

“எப்பவும் அப்படித்தாம்மா. வச்சிட்டுப் போ.”

கூடுதல் தாளில் இருப்பது செந்தாமரையின் கையெழுத்து. அவள் எழுதியதில்லை. கணவன் அவளை அடித்த எண்ணிக்கை மட்டும் ஒவ்வொரு முறையும் சரியாக இருக்கும்.

இந்த முறை ஏழு. அவள் நினைவில் ஆறுதான். ஆறு மாதம் இன்றோடு முடிகிறது.

கணவன் வேலை பார்க்கும் சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து மைன்ஸ் பஸ்கள் திரும்பிக்கொண்டிருந்தன. கணினியில் ஏழு என்றே பதிந்துவிட்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு குவார்ட்டர்ஸுக்குக் கிளம்பினாள்.