ஐந்நூறு கிளம்பிய பிறகு

அவள் கூடாரத்துக்குள் இருந்தால் மீன்கொத்தி வருவதில்லை. இல்லாவிட்டால் வருகிறது.

ஏன் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

குளத்தங்கரையில், ஒளிந்திருந்து பறவைகளைப் படம் எடுக்கப் பச்சைத் துணிக் கூடாரம். அதற்கு எதிரே, தண்ணீருக்கு மேல் தலைநீட்டும் பட்டுப்போன கட்டை. கட்டை முழுக்க வெள்ளை வெள்ளையாய் எச்சம். அந்தப் பறவைக்கு அதுதான் ஆசனம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

விடியும்போதே உள்ளே போய் மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதுவோ அக்கரை மின்கம்பியில் உட்கார்ந்து கூடாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். கால் மரத்துப்போய் அவள் எழுந்து கரையேறியதுதான் தாமதம், கட்டைக்கு வந்துவிடும்.

புகைப்படச் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் கேட்டுப் பார்த்தாள். குழுவில் உறுப்பினர்களின் மனைவிமார்களுக்கும் இடம் உண்டு. கண்காட்சியில்தான் கிடையாது.

கேமராவின் 'டக்' சத்தம்தான் காரணம், சத்தம் போடாத புது மாடல் வாங்குங்கள் என்றார் ஒருவர். சத்தமாவது ஒன்றாவது, லென்ஸின் நிறம்தான் பறவையை விரட்டுகிறது என்றார் இன்னொருவர். அப்புறம் எந்தக் கம்பெனி லென்ஸ் நல்லது என்று பேச்சு திரும்பியது. சாயங்காலத்துக்குள் அந்த இருவருக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. மீன்கொத்தியை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

அந்தச் சங்கத்தில் ஆளுக்குப் பெயர் கிடையாது, லென்ஸுக்குத்தான் பெயர். அவள் கணவர் ஐந்நூறு மில்லிமீட்டர் லென்ஸ் வைத்திருந்ததால் 'ஐந்நூறு'. படத்தின் கீழே ஒட்டும் சீட்டிலும் லென்ஸைத்தான் முதலில் எழுதுவார்கள். அது யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால், ஆளின் பெயர் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

போன வருடம் இதே கூடாரத்திலிருந்து எடுத்த ஆந்தைப் படம் முதல் பரிசு வாங்கி, சங்கத்துச் சுவரில் ஐந்நூறின் பெயரோடு தொங்குகிறது. அன்றிலிருந்து அவள் 'ஐந்நூறு வீட்டம்மா'.

இந்த வருடம் கண்காட்சிக்குத் தன் பெயரிலேயே படம் அனுப்ப வேண்டும் என்று அவள் கேட்டாள். புருஷன் பெண்டாட்டிக்குள் இதென்ன பாகப்பிரிவினை என்று தலைவர் சிரித்தார். அவள் விடவில்லை.

கடைசியில் அவர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "சரிம்மா. சார் பக்கத்துல இல்லாம நீங்களே எடுத்த படம் ஒண்ணு காட்டுங்க. ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்குள்ள காட்டிட்டா சேர்த்துக்கறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஐந்நூறு தன் டீ டம்ளருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். பார்வை சரியில்லை என்று ஒரு கண்ணாடி திரும்பி வந்தால், எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற மாட்டாள். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பாள். எதை மாற்றும்போது சரியாகிறதோ, அங்கேதான் கோளாறு.

முதலில் சத்தம். கேமரா தானாகவே அவ்வப்போது படம் எடுக்கும்படி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். போய்ப் பார்த்தால், மீன்கொத்தி ஒவ்வொரு 'டக்'குக்கும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. எல்லாப் படத்திலும் முதுகைக் காட்டிக்கொண்டு. ஆகவே சத்தம் இல்லை.

லென்ஸுக்குப் பச்சைத் துணி சுற்றினாள். அதுவும் இல்லை. சட்டையை மாற்றினாள். ம்ஹூம்.

அப்புறம் ஆந்தையை யோசித்தாள். அதே கூடாரம், அதே துணி, அதே 'டக்'. மீன்கொத்தியைவிடப் பயந்த சுபாவம். ஆனாலும் அது வந்து, எதிரே உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பிக் காட்டிவிட்டுப் போனது. அன்றைக்கு இருந்து இன்றைக்கு இல்லாதது எது?

கடையில் ஒரு கண்ணாடியின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அது நினைவுக்கு வந்தது. சக்கரத்தை நிறுத்திவிட்டாள்.

ஞாயிறன்று விடிவதற்கு முன்னால் கணவரை எழுப்பினாள். லென்ஸை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். உனக்கா என்று கேட்டார்.

"உங்களுக்குத்தான். என்கூட உள்ள வந்து கொஞ்ச நேரம் உட்காருங்க. அப்புறம் லென்ஸைத் தோள்ல மாட்டிக்கிட்டு நேரா கூட்டத்துக்குப் போயிடுங்க. முன்வரிசையில உட்காரணும்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு பையைத் தூக்கிக்கொண்டார்.

சொன்னபடியே செய்தார். உள்ளே போய், உட்கார்ந்து, எழுந்து, பீரங்கி போன்ற லென்ஸைத் தோளில் சுமந்துகொண்டு கரை வழியே நடந்தார். மின்கம்பியிலிருந்த மீன்கொத்தி, அவர் காரில் ஏறும்வரை தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

அவளிடம் அவளுடைய சின்ன லென்ஸ் இருந்தது. கட்டை அதற்கு எட்டும் தூரம்தான்.

கூட்டம் தொடங்கியிருக்கும் என்று அவள் நினைத்த நேரத்தில், நீலமாக ஏதோ தண்ணீரில் விழுந்து எழுந்தது. கட்டையில் வந்து உட்கார்ந்தபோது அதன் அலகில் மீன் துடித்துக்கொண்டிருந்தது. முகம் நேராக அவளைப் பார்த்து.

டக். டக். டக்.

கேமராத் திரையைக் கைப்பேசியில் படம் பிடித்துக் குழுவில் போட்டாள்.

சற்று நேரத்தில் தலைவரின் குரல் பதிவு வந்தது.

"ஐந்நூறு சார், என்ன படம் சார் இது. கலக்கிட்டீங்க." பிறகு ஒரு நாற்காலி நகரும் சத்தம். "சார்... நீங்க இங்கதானே உட்கார்ந்திருக்கீங்க?"

எந்த லென்ஸ், எந்தக் கேமரா என்று கேள்விகள் வரிசையாக வந்து விழுந்தன. ஒரே ஒருவர் மட்டும் எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டிருந்தார். அவள் மரத்துப்போன காலை நீட்டிக்கொண்டு அவருக்குப் பதில் தட்டினாள்.

"கூடாரத்துக்குள்ள ரெண்டு பேர் போகணும். பறவை பார்க்கிற மாதிரி ஒருத்தர் வெளிய போயிடணும். அதுக்கு எண்ணத் தெரியாது, ஆள் போயாச்சுன்னு நெனச்சு வந்துடும். போன வருஷம் ஆந்தையும் அப்படித்தான் வந்துச்சு, கொசுக்கடி தாங்காம எங்க வீட்டுக்காரர் காருக்குப் போனப்புறம்."