சோளக்காட்டில் நிற்பது

திருவெள்ளறைக்கு மேற்கே சோளக்காட்டில் வெயில் சாய்ந்துகொண்டிருக்கிறது. ஆளுயரத் தட்டைகளுக்கு நடுவே, இரண்டு காலில், உடம்பெல்லாம் கறுத்த மயிரோடு அது நிற்கிறது. "கரடியும் இல்ல, குரங்கும் இல்ல, மனுசன் மாதிரி நடக்குது" என்று ஒரு வாரமாக நல்லுசாமி சொல்லிப் பார்த்துவிட்டார். டீக்கடையில் ஒருவரும் நம்பவில்லை. "பெரியப்பா, அன்னைக்கி எத்தனை குவாட்டரு?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தவன் இந்தக் காட்டுக்காரன் சிவசங்கர். இன்று கூட வந்திருப்பவர்கள் அதைக் கண்டதும் கம்புகளை ஓங்குகிறார்கள். நல்லுசாமி மண்வெட்டிக் காம்பை ஓங்கி அதன் முழங்காலில் இறக்குகிறார். எலும்பு முறிகிற சத்தத்தில் வேலியில் உட்கார்ந்திருந்த குரங்குகள் சிதறி ஓடுகின்றன. விழுந்ததன் தோளில் அடுத்த அடி. மயிர் கிழிந்து பஞ்சு பிதுங்குகிறது. பஞ்சு மெல்லச் சிவக்கிறது. முதுகில் நீளமாக ஒரு ஜிப் மின்னுகிறது. "பெரியப்பா, நான்தான்... சிவசங்கர். குரங்கு வெரட்டத்தான் இந்த டிரெஸ்ஸு." ஓங்கிய கம்புகள் அந்தரத்தில் நிற்கின்றன. பின்னால் யாருக்கோ சிரிப்பு வருகிறது; அடக்க முடியாமல் மூக்கு வழியாக வெளியேறும் அதே டீக்கடைச் சிரிப்பு. நல்லுசாமியின் காதுமடல் கொதிக்கிறது. முகமூடியின் ஓட்டைகளில் ஈரமான இரண்டு கண்கள் அவரையே பார்க்கின்றன. அவரும் பார்க்கிறார், நன்றாகவே பார்க்கிறார். "பேச வேற செய்யுது பாருங்கய்யா" என்கிறார் நிதானமாக. காம்பு மறுபடியும் மேலே போகிறது.