நாலாம் நம்பர் குப்பி

கல்லூரி இணையதளத்துக்காகப் பேராசிரியர் அரன்சிபியா தன் ஆய்வு ஆர்வங்களைச் சொல்லச் சொல்ல, அவருடைய ஆய்வக உதவியாளரான நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். பழுதான லிஃப்டைத் திட்டிக்கொண்டே மாடியேறி வந்தவருக்கு இன்னும் மூச்சிரைப்பு அடங்கவில்லை.

"அடிச்சுக்கோ நெய்டா. வின்சூக்கா பூச்சி கடிச்சு வர்ற இதயநோய். இருபது வருஷம் சத்தமில்லாம உள்ளே இருந்து தின்னும். வெளியே தெரியறப்ப காரியம் மிஞ்சிடும்."

"டாக்டர், ஒப்பிட்டுப் பாக்க வெச்சிருக்கற நோயில்லாதவங்க ரத்தத்துல நாலாம் நம்பர் குப்பி இந்த வருஷமும் நோய் இருக்குன்னு காட்டுது."

"குப்பி கெட்டுப் போயிருக்கும். அந்த முடிவை விட்டுட்டு மத்ததை எழுது."

"ஒன்பது வருஷமா அப்படித்தானே எழுதறோம்?"

"இந்த கோச்சபம்பா ஊருக்கு நான் வந்த புதுசுல, இந்தக் கட்டடத்துல கையில கிடைச்சவங்ககிட்ட அவசரமா எடுத்த ரத்தம்மா அது. எல்லாரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்காங்க."

"அந்த ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லிடலாமே டாக்டர்."

எரிச்சலோடு மேசையின் இழுப்பறையைத் திறந்தார். எந்த எண் யாருடையது என்று அவர் கைப்பட எழுதிய நோட்டு அதில்தான் பூட்டிக் கிடந்தது. வேறு யாரும் அதைப் பார்த்ததில்லை.

"சரி, யாருன்னு பாத்து நானே கூப்பிட்டுப் பேசறேன். உன் நச்சரிப்பு தீரட்டும்."

பக்கத்தைப் புரட்டினார். விரல் ஒரு வரியில் நின்றது.

நோட்டை மூடிவிட்டு, சட்டைக் கையை மெல்ல மடித்துவிட்டார். என் முன்னால் கையை நீட்டினார்.

"ஊசியை எடும்மா. மறுபடியும் பாத்துடலாம்."