தண்டச் சூடு

"எங்க ஓலப்பொரையில கெடக்க ஒத்த பல்பாலயா சாரே ஒலகம் சூடாவுது?"

மீன்காரி கிளாரா கேட்டதும் தெருவே சிரித்தது. வயர்மேன் தேவகுமாரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

குடிசைகளில் எரியும் பழைய குண்டு பல்பைக் கழற்றிக்கொண்டு, அரசாங்கம் இலவசமாகத் தரும் சி.எஃப்.எல். பல்பை மாட்டிவிட்டுப் போகத்தான் அவர் இராஜாக்கமங்கலம் கடற்கரைக்கு வந்திருந்தார். கரண்டு மிச்சமாகும், அனல் மின் நிலையத்துப் புகை குறையும், பூமி சூடாவதும் குறையும் என்று நாகர்கோவிலில் கூட்டம் போட்டுச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அதை அவர் ஒரு பிரசங்கமாகவே ஆக்கி வைத்திருந்தார். குண்டு பல்பு தின்கிற கரண்டில் கொஞ்சம்தான் வெளிச்சமாகிறது, மிச்சமெல்லாம் சூடாகப் போகிறது. அந்தச் சூடு யாருக்கு வேணும்? தண்டச் சூடு! இப்படித்தான் ஒவ்வொரு வாசலிலும் முடிப்பார். சபையில் போதகர் பேசுவதைவிடத் தான் நன்றாகப் பேசுவதாக அவருக்கே ஒரு நினைப்பு உண்டு.

பழையதைத் தந்தால்தான் புதியது. வாங்கிய குண்டு பல்புகளைக் காகிதத்தில் சுற்றித் தோள்பையில் போட்டிருந்தார்.

கடைசிக் குடிசைக்குத் திரும்பியவரைக் கிளாரா தடுத்தாள்.

"ஜிஷா வீட்டுக்கு இப்பம் போவாண்டாம் சாரே. பொறவு பாத்துக்கிடலாம்."

ஒரே ஒரு பல்புக்காக இன்னொரு நாள் இவ்வளவு தூரம் வண்டியை உருட்ட அவருக்கென்ன பைத்தியமா? அக்கம்பக்கத்துச் சண்டையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நடந்தார்.

வெளியே உச்சி வெயில் கொளுத்தியது. உள்ளே பல்பு எரிந்துகொண்டிருந்தது.

பட்டப்பகலில் பல்பு எரிந்தால் தேவகுமாருக்கு வயிறு எரியும். அதுவும் இந்தப் பல்பு கூரையில்கூட இல்லை. வயரை நீட்டி, முழங்கால் உயரத்துக்குத் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்கு நேர் கீழே, ஐஸ் போட்டு மீன் அனுப்புகிற தெர்மோகோல் பெட்டி ஒன்று இருந்தது. பெட்டியின் மேல் ஒரு துண்டு மூடியிருந்தது.

பெட்டிக்குப் பக்கத்தில் ஜிஷா உட்கார்ந்திருந்தாள். சின்னப் பெண். தலை வாரி நாளாகியிருக்கும் போலிருந்தது.

அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. மழைக்காலத்தில் அவர் வீட்டிலும் இப்படித்தான் பல்பைத் தொங்கவிடுவார்கள்.

"கோழிக்குஞ்சா மக்களே? எத்தன பொரிச்சிது?"

அவள் துண்டின் ஓரத்தை இழுத்துவிட்டாள். சரி, வெட்கமாக்கும் என்று அவர் பாட்டுக்குப் பிரசங்கத்தைத் தொடங்கினார். கரண்டு, புகை, பூமி என்று வரிசையாகச் சொல்லி, "அந்தச் சூடு யாருக்கு வேணும், சொல்லு பாப்போம்?" என்று கேட்டபடியே ஹோல்டரைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

ஜிஷா எழுந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"இங்க வேணும் சாரே. கழத்தாண்டாம். அவிய கெட்டித் தொங்கவிட்டது. நான் வாறது வரைக்கும் அணைக்கப்பிடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காவ."

அவிய என்றது அவள் புருஷன் பெனினை. கொச்சியில் விசைப்படகு ஏறி, ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கப் போயிருக்கிறான். இந்தக் கரையில் பாதி ஆண்கள் அப்படித்தான். ஏறினால் வாரக்கணக்கில் கடலிலேயே கிடப்பார்கள். கரை தெரிகிற வரைக்கும் ஃபோனில் பிடிக்க முடியாது.

"குஞ்சுதானே, வெயில்ல வச்சாப் போதாதா? மாப்பிள வந்தா நான் சொல்லிக்கிடுகேன்" என்று சிரித்துக்கொண்டே தேவகுமார் துண்டைத் தூக்கினார்.

குஞ்சு இல்லை.

நாலாக மடித்த பழைய வேட்டி ஒன்று விரித்திருந்தது. அதன் நடுவில் இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து வைத்த அளவுக்கு ஒரு பள்ளம். ஓரத்தில் ஒரு கம்பளிக் குல்லா. ஒரு ஆரஞ்சுப் பழத்துக்குப் போடலாம், அவ்வளவு சின்னது.

என்ன ஏது என்று தெரியாமலே அந்தப் பள்ளத்தில் கையை வைத்துப் பார்த்தார். வேட்டி வெதுவெதுப்பாக இருந்தது.

"மாசம் தெகயாம பொறந்த பிள்ள சாரே. சூட்டுலயே கெடக்கணும்னு ஆசுத்திரியில சொன்னாவ" என்றாள் ஜிஷா. அவள் குரலில் அழுகை இல்லை. அழுது தீர்ந்திருந்தது. "போன ஞாயித்துக்கெழம உசிரு போயிட்டு. அவியளுக்குத் தெரியாது. அவிய வந்து, அவிய கையால அணைக்கட்டும்."

தண்டச் சூடு என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு வந்த வாயைத் தைத்துவிடலாம் போலிருந்தது தேவகுமாருக்கு. பெட்டியைத் துண்டால் மூடினார். ஓரத்தை இழுத்து, காற்றுப் புகாமல் சரியாக மூடினார்.

பிறகு பல்பைக் குனிந்து பார்த்தார். கண்ணாடிக்குள் கறுப்பு ஏறியிருந்தது. இனி ரொம்ப நாள் தாங்காது என்று பார்த்ததுமே தெரிந்தது.

தோள்பையை இறக்கிவைத்துத் தரையில் உட்கார்ந்தார். தெருவில் வாங்கிய குண்டு பல்புகளை ஒவ்வொன்றாகக் காகிதம் பிரித்து, காதோரம் ஆட்டிப் பார்த்தார். இழை அறுந்திருந்தால் உள்ளே கிலுங்கும். கிலுங்காததாக, கண்ணாடி கறுக்காததாக ஒன்றைத் தேடி எடுத்து, தன் வேட்டி முனையால் துடைத்து ஜிஷாவின் கையில் கொடுத்தார்.

"அது ஃபியூஸாயிட்டுன்னா இத மாட்டிக்கிடு, மக்களே."