கேள்வி கேட்ட அண்ணாச்சி

“உட்காரும் அண்ணாச்சி! சாப்பாடு ஆறுது!”

பின்வரிசையிலிருந்து குரல் கொடுத்தவர் மளிகைக்கடை தாணுமாலயன். சாலை பஜார் வியாபாரிகளுக்கும் கடை ஆட்களுக்குமாக நடந்த முதலீட்டாளர் விழிப்புணர்வு வகுப்பு அது. மதியம் சாப்பாடு உண்டு என்று சொன்னதால்தான் மண்டபமே நிறைந்திருந்தது. சும்மா வந்து விழிப்பதற்கு யாருக்கு நேரம் இருக்கிறது?

பாத்திரக்கடை நெல்லையப்பன் உட்காரவில்லை. முன்வரிசையில் நின்றபடி, வகுப்பெடுக்க வந்த மலையாளி அதிகாரி அபிலாஷைத் துளைத்துக்கொண்டிருந்தார்.

“சார், இந்த கிரிப்டோ கம்பெனிக்காரன் நம்ம பணத்தோட ஓடிட்டான்னு வைங்க. யாருகிட்ட போய் நிக்கணும்?”

“போலீஸ்ல பராதி கொடுக்கலாம் அண்ணாச்சி. பக்ஷே, கிரிப்டோவுக்குன்னு தனியா ஒரு சட்டம் இன்னும் வரலை.”

“வரி மட்டும் வந்துட்டே சார்?”

மண்டபம் சிரித்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை.

“என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு? அன்னாடங்காய்ச்சி கொண்டுபோய்ப் போடுதான். போனா அவனுக்கு யாரு இருக்கா?”

அபிலாஷ் மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டார். “இதுதான் வேண்டியது! எல்லாரும் அண்ணாச்சி மாதிரி கேள்வி கேட்கணும் கேட்டோ. முன்பின் தெரியாத ஆளை நம்பி ஒரு ரூபாய்கூட போடக்கூடாது.”

கைதட்டினார்கள். சாப்பாட்டுக்கு எழப்போகிற நேரத்தில் ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள். ஓட்டல் சமையலறையில் வேலை பார்க்கும் கலைச்செல்வி.

“சார், அப்போ எங்க போட்டா பத்திரம்?”

“அது நாங்க சொல்லக்கூடாது சேச்சி. நல்லா விசாரிச்சு, விஷயம் தெரிஞ்சவங்களைக் கேட்டு நீங்களே முடிவு பண்ணணும்.”

அவ்வளவுதான். நாற்காலிகள் சத்தத்தோடு நகர்ந்தன.

பந்தியில் கலைச்செல்வி அண்ணாச்சி பக்கத்தில் வந்து நின்றாள். அவள் புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து செத்தவன். நஷ்ட ஈடாகக் கிடைத்த பணம் பேங்கில் இருந்தது. மகளை நர்ஸிங் படிக்க வைக்க அதுதான் இருக்கிற ஒரே வழி, அதுவும் கடைசி வருஷத்துக்குப் போதாது.

“கொழுந்தன் செல்வகணேஷ் ஒரு ஆப்புல போடச் சொல்றாரு அண்ணாச்சி. ஏதோ காயினாம். கூடிக்கிட்டே போகுமாம்.”

அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. “கொண்டா போனை!”

வாங்கி, அந்த ஆப்பை அவரே அழித்தார். “செத்தவன் உசுரை வித்த காசும்மா அது! உன் கொழுந்தனுக்கு நெஞ்சுல ஈரம் இல்லையா?”

கலைச்செல்விக்குக் கண் நிறைந்துவிட்டது. புருஷன் போன பிறகு அவளுக்காக ஒருத்தர் கோபப்பட்டது அன்றைக்குத்தான்.

மறுவாரம் ஓட்டலில் லீவு சொல்லிவிட்டு பாத்திரக்கடைக்கு வந்தாள்.

“கொழுந்தன்கூடப் பேச்சுவார்த்தையே இல்ல அண்ணாச்சி. நீங்களே ஒரு வழி சொல்லுங்க.”

“என்னை விட்டுரு தாயி. அடுத்தவங்க பணம் நெருப்பு.”

“அத்தனை பேருல நீங்க ஒருத்தர்தானே எங்களுக்காகப் பயந்தீங்க? பயப்படுறவங்க கையிலதான் பணம் பத்திரமா இருக்கும்.”

அண்ணாச்சி வெகுநேரம் யோசித்தார். முடியாது என்று தலையாட்டினார். மகள் எந்த காலேஜ் என்று விசாரித்தார். பிறகு பெருமூச்சு விட்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். தங்கை மகன் பிரஜின் லேப்டாப்போடு வந்தான்.

“இவன் நடத்துறதுதான். வெளியாட்கள்கிட்ட வாங்குறதில்ல. உனக்காகச் சொல்லுதேன்.”

பிரஜின் அவள் போனில் புதிதாக ஒரு ஆப்பை ஏற்றினான். திரையில் மஞ்சளாக ஒரு காசு சுற்றியது. கலைச்செல்வி கொஞ்சம் மிரண்டாள்.

“இதுவும் காயின்தானே அண்ணாச்சி?”

“அது முன்பின் தெரியாதவன் காயின். இது நம்ம காயின். என்னைத் தெரியும்லா உனக்கு?”

“உங்களைத் தெரியாதா!” என்று அவசரமாகச் சொன்னாள். அவரைச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று வெட்கமாகிவிட்டது.

பணம் போய்ச் சேர்ந்ததும் போன் சத்தம் போட்டது. அண்ணாச்சியைக் கையெடுத்துக் கும்பிட்டாள். மகளுக்கு என்று அவர் கொடுத்த எவர்சில்வர் டிபன்பாக்ஸை நெஞ்சோடு அணைத்தபடி படியிறங்கிப் போனாள்.

பிரஜின் லேப்டாப்பை மூடப் போனவன், நினைவு வந்து கேட்டான். “மாமா, இந்த மாசம் விளம்பரத்துக்கு எவ்வளவு ஒதுக்கட்டும்?”

“எதுக்குடே வெட்டிச் செலவு? வியாழக்கிழமை நெய்யாற்றின்கரையில அபிலாஷ் சார் வகுப்பெடுக்காரு. முன்வரிசையில எனக்கு ஒரு இடம் பிடிச்சு வை, போதும்.”