ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் கிலோமீட்டர்

சிலிண்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த ஜாபேஸ், அதைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான்.

சித்தூரில் வேலூர் ரோட்டோரம் பதினெட்டு வருடமாக பைக் மெக்கானிக் வேலை பார்க்கிறவன் அவன். அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி புகை தள்ளும். எண்பதாயிரத்தில் ஆயில் குடிக்கும். லட்சத்தைத் தாண்டினால் தேய்ந்த சிலிண்டரை உள்ளே கடைந்து போர் போட்டே ஆக வேண்டும். ஆனால் மீட்டர் ஒரு முழுச்சுற்று முடித்து, மறுபடியும் பதினெட்டாயிரத்தில் வந்து நின்ற இந்த வண்டியில், தொழிற்சாலையில் இழுத்த மெல்லிய கோடுகள்கூட சிலிண்டர் சுவரில் அழியவில்லை. பிஸ்டன் நேற்று டப்பாவிலிருந்து எடுத்தது போல மின்னியது.

வண்டிக்காரர் நேசகுமார் சபைச் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஜாபேஸுக்கு முன் பெஞ்சில் உட்காருபவர். விதைக் கம்பெனி ஒன்றில் ஜில்லா முழுக்கச் சுற்றும் வேலை. லட்சம் தாண்டிய வண்டிக்கு இஞ்சினைப் பிரித்துப் பார்த்து மெக்கானிக்கிடம் சீட்டு வாங்கிவரச் சொல்லியிருந்தார் அவருடைய மேனேஜர். பெட்ரோல் படிக் கணக்குக்காக மாதம் தவறாமல் வந்து மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போகிற ஆள் அந்த மேனேஜர்.

"இதுக்கு முன்னாடி யார்ணா போர் போட்டாங்க?" என்று கேட்டான் ஜாபேஸ்.

"போரா? வாங்கினப்ப எப்பிடி இருந்துச்சோ அப்பிடியேதான் கீது. ஆயில நேரத்துக்கு மாத்தணும். ஏர் ஃபில்டர ஊதணும். செயின காயவுடக் கூடாது. வண்டியும் கொழந்த மாதிரிதான் தம்பி" என்றார் நேசகுமார். "எப்ப தருவ?"

"ரெண்டு நாள் ஆவும்ணா."

அவர் போனதும் ஜாபேஸ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். 1999-ஆம் வருடம் அது. கடனில் எடுத்த புது வண்டிகள் ஊரெல்லாம் பெருகியிருந்தன. பெங்களூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போகிறவர்கள் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுப் போகும் வண்டிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. சட்டகம் மட்டும் சந்திரகிரிப் பக்கம் ஏதாவது கிணற்றில் கிடக்கும். இஞ்சின் இருக்காது. அப்படி வந்த ஒரு இஞ்சினைக் கேள்வி கேட்காமல் மாட்டிக்கொடுத்த மெக்கானிக் பழனி இன்னும் ஜெயிலில்தான் இருந்தான்.

மத்தியானம் சோறு கொண்டுவந்த மனைவி லீனாவிடம் விஷயத்தைச் சொன்னான்.

"சபையில முன்னாடி நின்னு ஜெபம் பண்ற மனுஷன் திருட்டு இஞ்சின வாங்கி மாட்டுவாரா?" என்றாள் அவள். சற்று யோசித்துவிட்டு, "ஆனா பழனிய இட்டுகினு போனப்போ அவன் பொண்டாட்டி ரோட்டுல புரண்டு அழுதாளே, மறந்துட்டீங்களா? ஸ்டேசன்ல ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடுங்க" என்றாள்.

அவன் பாதிச் சோற்றில் எழுந்தான். கையைக் கழுவிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனான்.

மறுநாள் காலையில் எஸ்.ஐ. ஹரிபாபு கடைக்கே வந்தார். வண்டிப் பெட்டியிலிருந்த ஆர்.சி. புத்தகத்தை எடுத்து, இஞ்சின் நம்பரை ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்தார். அரம் போட்டு அழித்த அடையாளம் இருக்கிறதா என்று விரலால் தடவினார். வண்டியை விற்ற ஷோரூமுக்கும் போன் போட்டார். மூன்று வருடத்துக்கு முன் நேசகுமாருக்கு விற்ற அதே வண்டி. அதே இஞ்சின்.

"ஏமய்யா, ஒருத்தன் வண்டிய பத்திரமா வெச்சிக்கினா அதுகூட கேஸா?" என்று எரிந்து விழுந்தார் எஸ்.ஐ. "அந்தாள்கிட்ட போயி எப்பிடி வெச்சிக்கினாருன்னு கத்துக்கோ. என் வண்டி முப்பதாயிரத்துலயே இருமுது!"

ஜாபேஸ் கூனிக் குறுகிப்போனான். இஞ்சினை மறுபடி கோத்து, ஒரு போல்ட்டை இரண்டு தரம் முறுக்கிப் பார்த்து, சீட்டும் எழுதி நேசகுமாரிடம் வண்டியை ஒப்படைத்தான். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கக்கூட முடியவில்லை. அதன்பின் கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் ஆயில், ஃபில்டர், செயின் என்று நேசகுமார் சொன்னதையே திருப்பிச் சொன்னான். ஆனாலும் மனசு ஆறவில்லை. ஞாயிறன்று அவர் முதுகுக்குப் பின்னால் எந்த முகத்தோடு உட்காருவது?

சனிக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, மன்னிப்புக் கேட்க நேசகுமார் வீட்டுக்கே போனான். வாசலில் அவர் மனைவி கிருபாவதி புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் இருக்காருங்களாக்கா?"

"இல்லியே தம்பி. காலையிலயே ஏரியாவுக்குக் கெளம்பிட்டாரு."

திரும்ப நினைத்தவனைப் புழக்கடையிலிருந்து வந்த 'விர்ர்' என்ற சத்தம் நிறுத்தியது. எந்த வண்டிச் சத்தமும் அவனுக்குத் தெரியும். இது வண்டிச் சத்தம் இல்லை. கிருபாவதி எழுந்து தடுப்பதற்குள் சுவரோரமாக நடந்துபோய் எட்டிப் பார்த்தான்.

வேப்பமரத்தடியில் அந்த பைக் நடு ஸ்டாண்டில் நின்றது. அடியில் ஒரு கல்லை முட்டுக்கொடுத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கியிருந்தார்கள். மாவரைக்கும் கிரைண்டர் மோட்டாரிலிருந்து ஒரு பெல்ட் போய் அந்தச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருக்க, இஞ்சின் அணைந்து கிடந்த வண்டியில் மீட்டர் எண்கள் மட்டும் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் லுங்கியோடு நேசகுமார் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

ஜாபேஸ் வாயைத் திறப்பதற்குள் கிருபாவதி அவன் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லிய குரலில் சொன்னாள்:

"எழுப்பிடாத தம்பி, அவரு நாகலாபுரம் போய்ச் சேர இன்னும் இருவது கிலோமீட்டர் கீது!"